மறதி தனக்கே தெரியத் தொடங்கினால் ஆயுள் குறைவு என்பது உண்மையா? 68 வயதில் தோப்பில் புதுக் கன்று வைக்கலாமா?

மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்:

அனைவருக்கும் வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் நினைவு குறைகிறது என்று தானே உணரும் முதியவர்கள், அப்படி உணராதவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று ஒரு செய்தி. பேத்தி கைப்பேசியில் படித்துக் காட்டினாள். எனக்கு அப்படி இருப்பது அவளுக்குத் தெரியாது. இது உண்மையா? உண்மையென்றால் எத்தனை ஆண்டு குறையும்?

எனக்கு 68 வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அப்பாவுடன் மாங்கன்று ஒட்டுக் கட்டப் போனவன். ஆறு ஏக்கர் தோப்பு. பாதிக்கு மேல் பெங்களூரா ரகம், அது பழக்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும். மீதியில் நீலம், செந்தூரா. வீட்டை ஒட்டி இரண்டு மல்கோவா மரங்கள்; அவற்றை விற்பதில்லை, சொந்தக்காரர்களுக்கு.

என்ன மறக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் ஒருவர் "மாமா, சௌக்கியமா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் நான் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். ஊர் தெரிகிறது, அவருடைய அப்பா எந்த நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் வராமல் விட்டார் என்பதுகூட நினைவிருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. இரவு படுத்த பிறகு தானாக வந்தது. அடுத்து, மோட்டார் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டு எதற்காக வந்தேன் என்று தேடுவது. இதெல்லாம் எல்லோருக்கும் உண்டு என்பார்கள். சரி. ஆனால் போன மாதம் களை வெட்டியவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பவும் பணத்தை எடுத்து நீட்டினேன். "நேற்றே கொடுத்துவிட்டீர்களே அண்ணா" என்று அந்த அம்மாள் திருப்பித் தந்துவிட்டார். முதல் நாள் கொடுத்தது எனக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அன்றிலிருந்துதான் பயம் பிடித்தது.

மரத்தில் எதுவும் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எது ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும், எந்தத் தாய்மரத்துக் குச்சியை எதில் ஒட்டினேன், எந்த ஆண்டு பூவில் மழை விழுந்து கருகியது, எல்லாம் கேட்டவுடன் சொல்வேன். இலையைக் கசக்கி முகர்ந்து ரகம் சொல்லிவிடுவேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவரிடம் போனேன். தேதி, கிழமை, மாவட்டம் கேட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். 30-க்கு 28 எடுத்தேன். "வயதுக்கு இது சரிதான், போய்வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு மனக்கணக்கு தண்ணீர் பட்ட பாடு. வியாபாரி எடைபோட்டு முடிப்பதற்குள் தொகை சொல்பவன். அந்தக் கழித்தலில் என்னைச் சோதித்து என்ன தெரியும்? பரிசோதனை சரி என்கிறது, எனக்கோ முன்போல் இல்லை என்று தெரிகிறது. இரண்டில் எதை நம்புவது?

என் அப்பா 81 வயதில் இறந்தார். கடைசி மூன்று ஆண்டுகள் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தார். நடுத்தோப்பில் நின்று இது யாருடைய தோப்பு என்று கேட்பார். மறக்கத் தொடங்கிய நாட்களில் அவருக்கும் இப்படி உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறேன் என்றால், கிழக்குப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் அப்பா வைத்த மரங்கள் தண்டு துளைப்பான் விழுந்து ஓய்ந்துவிட்டன. அவற்றை எடுத்துவிட்டு அடர் நடவில் புதுக் கன்று வைக்க வேண்டும். பழைய முறையில் 30 அடிக்கு ஒன்று என்று வைத்தால் ஏக்கருக்கு 48 மரம், இப்போது 5 மீட்டருக்கு ஒன்று வைத்தால் 160. ஒட்டுக்கன்று நான்காம் ஐந்தாம் ஆண்டில் காய் காட்டும். நம்பிக் குத்தகை பேசுகிற விளைச்சலுக்குப் பத்து ஆண்டு ஆகும். கவாத்து, தண்ணீர், பூச்சி எல்லாவற்றையும் கூடவே நின்று பார்க்க வேண்டும். மகன் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான், அவனால் வர இயலாது. நான் இருப்பேனா, இருந்தாலும் நானாக இருப்பேனா?

உண்மையில் எத்தனை ஆண்டு என்பதைவிட எது முன்னால் போகும் என்பதுதான் என்னை அரிக்கிறது. உயிர் முன்னால் போனால் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நினைவு முன்னால் போனால் குத்தகைப் பாக்கி, கூட்டுறவுக் கடன், வாய்வார்த்தையில் நிற்கிற வரப்புத் தகராறு என்று எல்லாம் என் தலைக்குள்ளேயே கிடந்து போய்விடும்.

உடம்புக்கு வேறொன்றும் இல்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை பல ஆண்டுகளாக நடக்கிறது. மனைவி போன பிறகு சமையல் ஒரு வேளைதான், தூக்கமும் குறைவு. மற்றபடி தோப்பு முழுக்க நடக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர், தர்மபுரி:

தோப்புக்கார ஐயா, வணக்கம். ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் "சீக்கிரம் இறக்கிறார்கள்" என்ற சொல்லை எப்படிப் படிப்பது என்பது என் வேலையாக இருந்தது, அதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சராசரி ஆயுள் 70 என்று கேட்டுவிட்டு, 68 வயதுக்காரர் தனக்கு இன்னும் இரண்டு ஆண்டுதான் என்று நினைத்துக்கொள்கிறார். அந்த 70 பிறக்கும் குழந்தைக்கு உரியது. குழந்தையிலும் நடுவயதிலும் இறந்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். இந்தியாவில் 60 வயதைத் தொட்டவருக்குச் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் அளவுக்கு இருக்கிறது. 70-ஐத் தொட்டவருக்கே 11 ஆண்டுகளுக்கு மேல். அதுவும் சராசரிதான். ஏறத்தாழப் பாதிப் பேர் அதையும் தாண்டி வாழ்கிறார்கள்.

இனி அந்தச் செய்தி. இப்படிப்பட்ட ஆய்வுகளில் "இறப்பு வாய்ப்பு இத்தனை சதவீதம் கூடுதல்" என்று வரும். அதைப் படிக்கிறவர் ஆயுளில் அத்தனை சதவீதம் வெட்டப்பட்டுவிட்டதாக நினைக்கிறார். கணக்கு அப்படி இல்லை. பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1825-இல் ஒரு விதியை எழுதி வைத்தார். வளர்ந்த மனிதனுக்கு வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பு ஒரே வேகத்தில் பெருகிக்கொண்டே போகும். ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காப்பீட்டுத் தொழில் இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு பேச்சுக்கு, மறதியை உணர்கிறவருக்கு இறப்பு வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களை 70 வயதுக்காரர்களின் வரிசையில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். 50 சதவீதம் என்றே வைத்தாலும் 73 வயதுக்காரரின் வரிசை. 73 வயதில் தோப்பு பார்க்கிறவர்கள் உங்கள் ஊரிலேயே எத்தனை பேர் இருப்பார்கள்!

அடுத்தது, மறதிதான் ஆயுளைக் குறைக்கிறதா என்பது. மறதி என்று சொல்பவர்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம், மன வருத்தம், தூக்கமின்மை உள்ளவர்கள் அதிகம். அவையே ஆயுளையும் குறைப்பவை. இவற்றைக் கணக்கிலெடுத்துக் கழித்துப் பார்த்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு சிறுத்துப் போகிறது, சிலவற்றில் இல்லாமலே போகிறது. ஆகவே உங்கள் செய்தியைப் பொய் என்று சொல்லமாட்டேன். மறதி ஒரு பக்கமும் ஆயுள் மறுபக்கமும் இருக்க, நடுவில் இருப்பது உடம்பு. அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் காப்பீட்டுக்காரன் அலட்சியம் செய்வதில்லை. "உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?" என்ற ஒரே கேள்விக்கான பதிலை வைத்து இறப்பைக் கணித்த 27 ஆய்வுகளை ஐட்லர், பென்யாமினி என்ற இருவர் 1997-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மருத்துவக் குறிப்புகளை எல்லாம் கணக்கிலெடுத்த பிறகும், "சரியில்லை" என்று சொன்னவர்கள் முன்னதாக இறந்திருப்பது பெரும்பாலானவற்றில் தெரிந்தது. உடம்புக்குள் நடப்பது அதற்குச் சொந்தக்காரருக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிகிறது. நீங்கள் உணர்வது ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆண்டுக்கணக்கு வேண்டுமென்றால் மறதியைவிடச் சர்க்கரையைப் பாருங்கள். வளர்ந்த நாடுகளில் எடுத்த பெரிய கணக்கு ஒன்று 2011-இல் வந்தது. 50 வயதில் சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவரைவிடச் சராசரியாக 6 ஆண்டு முன்னதாக இறக்கிறார் என்றது. அந்த ஆண்டுகளில் கொஞ்சத்தையாவது மீட்பது உங்கள் கையில் இருக்கிறது.

கன்று வையுங்கள் ஐயா. என் கணக்குப்படி காய் பறிக்கும் வாய்ப்பு உங்கள் பக்கம்தான் அதிகம்.


செவிலியர், பாலக்கோடு வட்டம்:

ஐயா, மரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டு உங்கள் உடம்பைப் பற்றிக் கடைசியில் நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்த நான்கு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சர்க்கரை மாத்திரை பல ஆண்டுகளாக நடக்கிறது என்கிறீர்கள். அது மெட்ஃபார்மின் என்றால், நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும், சோர்வு வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். வயிற்றெரிச்சலுக்கு ஓமிப்பிரசோல், பாண்டோபிரசோல் வகை மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் போடுகிறீர்களா? அதுவும் பி12-ஐக் குறைக்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஒரு வேளைதான் சமையல் என்றீர்கள். உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மருந்து சேர்ந்திருந்தால், சாப்பிடாமல் அதைப் போடுவது ஆபத்து. சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். வயதானவர்களுக்குச் சில நேரம் அதுகூடத் தெரியாமல் வெறும் குழப்பமாகவே இருக்கும். அந்த நேரத்தில் செய்தது பிறகு நினைவில் நிற்காமல் போகலாம். கூலி கொடுத்த அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

உங்கள் வீட்டு அம்மா இறந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பக்கம் பெரியவர்கள், ஆண்கள் குறிப்பாக, மனசு சரியில்லை என்று வாயால் சொல்வதில்லை. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஞாபகம் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு மாத்திரை வாங்க வருவார்கள். மனச்சோர்வு மறதியாகவே வெளிப்படுவது முதுமையில் மிகச் சாதாரணம். அதற்கு வைத்தியமும் இருக்கிறது. நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அரசின் மனநல உதவி எண் அது.

காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சரியாகக் கேட்காத பெயர் மனதில் எப்படிப் பதியும்? காது குறைவது டிமென்ஷியா எனும் மூளைத் தேய்வு நோய்க்கே ஒரு காரணம் என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு சொல்கிறது. 2024-இல் அந்தக் குழு 14 காரணங்களை எடுத்துச் சொன்னது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, மது, கெட்ட கொழுப்பு, பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு எல்லாம் அதில் உண்டு. இவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தினருக்கு அது வராமலோ தள்ளியோ போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. காதுக் கருவி தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நீங்கள் சொன்ன மறதிகளில் ஒன்றை மற்றொன்றோடு சேர்க்காதீர்கள். சந்தையில் வராத பெயர் இரவில் வந்தது என்றால் அது உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. கொட்டகையில் நின்று யோசிப்பதும் அந்த வகைதான். கூலி கொடுத்தது மட்டும் வேறு. எடுத்துச் சொன்ன பிறகும் அது திரும்பி வரவில்லை. ஒருமுறை நடந்ததை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுபோல மறுபடி நடக்கிறதா, தெரிந்த பாதை குழம்புகிறதா, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறீர்களா என்பதைக் கவனிக்க வேண்டும்.

30-க்கு 28 பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அந்தப் பரிசோதனை 1975-இலிருந்து இருக்கிறது, பெரிய குறையைக் கண்டுபிடிக்க உதவும். கணக்கில் கைதேர்ந்தவர் தன் பழைய நிலையிலிருந்து ஒரு படி இறங்கியதை அது காட்டாது. பரிசோதனையில் சரியாக இருந்தும் தனக்குக் குறைவதாக உணர்பவர்கள் உலகெங்கும் இருப்பதால்தான் 2014-இல் மருத்துவ வல்லுநர்கள் இதைத் தனி நிலையாகவே வரையறுத்தார்கள். அமெரிக்காவில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒன்பதில் ஒருவர் தனக்கு இப்படி இருப்பதாகச் சொல்கிறார். அவர்களில் பாதிப் பேர்கூட அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. நீங்கள் போய்ச் சொன்னீர்கள்.

இது நோயாக மாறுமா என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 28 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பார்த்ததில், மறதி இருப்பதாகத் தாமே சொன்ன முதியவர்களில் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு பேர் சொச்சம் மூளைத் தேய்வு நோய்க்குப் போனார்கள். சொல்லாதவர்களில் ஒருவர். இரண்டு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். நூறில் தொண்ணூற்றேழு பேர் அந்த ஆண்டில் போகவில்லை என்பதும் அதே கணக்குதான்.

மாத்திரை வீட்டுக்கே வருகிறதா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் மறதியையும் ஒற்றை வேளைச் சாப்பாட்டையும் சொல்லுங்கள். அவர் எங்களிடம் சொல்வார். அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள் ஐயா.


மகள், அரூர்:

ஐயாவுக்கு வணக்கம். எது முன்னால் போகும் என்று கேட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்கு நினைவு முன்னால் போய்விட்டது. நோய் உறுதியான பிறகு சராசரியாக 4 முதல் 8 ஆண்டுகள், சிலர் 20 ஆண்டுகள்கூட இருப்பார்கள் என்று பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் சொன்னார்கள். அம்மா ஐந்தாம் ஆண்டில் இருக்கிறார்.

நான் எழுத வந்தது ஒரு வித்தியாசத்தைச் சொல்ல. அம்மா ஒருநாளும் தனக்கு மறக்கிறது என்று சொன்னதில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டு, நீதான் போட்டாய் என்று என்னைச் சொல்வார். கம்மலைத் தானே அரிசிப் பானையில் வைத்துவிட்டு எதிர்வீட்டு அக்கா எடுத்துவிட்டதாகத் தெருவில் நின்று சண்டை போட்டார். அந்த அக்கா இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான். அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்று நினைத்து நான் கத்தியிருக்கிறேன். தனக்குக் குறைகிறது என்பதை அறிகிற அறிவையும் இந்த நோய் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் கத்துவதை நிறுத்தினேன்.

ஆகவே நீங்களே உணர்ந்து, தேதியோடும் இடத்தோடும் இவ்வளவு விவரமாக எழுதுவதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அதுவே போதாது. உங்களைத் தினமும் பார்க்கிற ஒருவர் என்ன கவனித்திருக்கிறார் என்று கேளுங்கள். பேத்தியிடம் சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றிப் பேத்திக்குத் தெரியாததா?

இன்னொன்று. அம்மாவின் கையெழுத்து மாறிப்போய் வங்கியில் பணம் எடுக்க முடியாமல் நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. இப்போதே மகனையோ மகளையோ சேர்த்து, இருவரில் ஒருவர் எடுக்கலாம் என்ற முறையில் கணக்கை மாற்றுங்கள். கடன், குத்தகை, வரப்பு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அதை ஒருவரிடம் காட்டுங்கள். எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிடும்.


ஆவண எழுத்தர், ஊத்தங்கரை:

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மறதி பயத்தில் பெரியவர்கள் அவசரமாகத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதிப் பதிவு செய்தவுடனே சொத்து கைமாறிவிடும், பிறகு மனம் மாறினாலும் திருப்புவது பெரும்பாடு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே எழுதியிருந்தால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் உதவிக்கு வரும், இல்லாவிட்டால் சிரமம். உயில் என்றால் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள். எழுதும்போது தெளிந்த மனநிலை இருக்க வேண்டும் என்பது சட்டம். 30-க்கு 28 என்று மருத்துவர் எழுதிய சீட்டு இருக்கிறதல்லவா, அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் யாராவது கேள்வி எழுப்பினால் அது பேசும்.


மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

செவிலியர் அம்மா, அட்டையைப் பார்த்தேன். பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னேன். கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கிறது. காலை ஒன்று, இரவு ஒன்று. காலையில் காபித் தண்ணீரோடு போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவேன். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் களியோ சோறோ. அப்படியானால் காலை முழுக்க வெறும் வயிறு. பதினொரு மணி வாக்கில் கண் இருட்டிக்கொண்டு வருவது வெயிலால் என்று நினைத்திருந்தேன். கூலி கொடுத்ததும் மதியச் சாப்பாட்டுக்கு முன்புதான், அது அந்த அம்மாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அரூர் மகளே, படிக்கச் சொன்னபோதே பேத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும் தாத்தா" என்றாள். போன பொங்கலிலிருந்தே கவனித்து வருகிறாளாம். நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்தச் செய்தியையும் எனக்காகத்தான் படித்துக் காட்டினாளாம்.

காப்பீட்டு ஐயா, உங்கள் கணக்கை மகனுக்கு அனுப்பினேன். கிழக்குப் பக்க மரங்களை இந்த அறுவடையோடு எடுத்துவிடலாம் என்று அவனும் சொல்லிவிட்டான். ஆடியில் குழி எடுக்கிறோம். ஒட்டு நானே கட்டுவேன். எந்த வரிசையில் எந்தத் தாய்மரத்துக் குச்சி என்பதைப் பேத்தி எழுதிக்கொள்வாள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். காலை மாத்திரையை நானாக நிறுத்திவிடலாமா? பி12 பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?


செவிலியர், பாலக்கோடு வட்டம்:

நிறுத்தாதீர்கள் ஐயா. நாளைக் காலையே சாப்பாட்டைத் தொடங்குங்கள். இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கூழோ போதும், அதன் பிறகு மாத்திரை. சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். இந்த வாரமே அட்டையோடு போய், பதினொரு மணிக்குக் கண் இருட்டுவதைச் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றுவார். சட்டைப் பையில் நாலு சர்க்கரைக் கட்டியோ வெல்லமோ இருக்கட்டும். கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு நிழலில் உட்காருங்கள், மரத்தில் ஏறாதீர்கள்.

பி12-க்கு மட்டும் வெறும் வயிறு தேவையில்லை. தைராய்டு, உப்புச் சத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றையும் அதே இரத்தத்தில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறு மாதம் கழித்து அந்த 30 மதிப்பெண் பரிசோதனையை மறுபடியும் செய்துகொள்ள வேண்டும், அந்தத் தேதியையும் அவளிடமே சொல்லிவையுங்கள்.